தள்ளி நிற்கும் கேமரா

ஜனவரி 22, புதன்

தயாரிப்பாளர் நாச்சிமுத்து சார் சரி என்று சொல்லிவிட்டார். என் முதல் படம் நடக்கப் போகிறது. அடுத்தவர் படங்களில் கிளாப் அடித்ததும், கூட்டத்தை ஓரம் தள்ளியதும், கதாநாயகிக்குக் குடை பிடித்ததும் போதும்.

கதை சின்னது. புரசைவாக்கத்தில் ஒரு பழைய வீடு, மாடியிலும் கீழேயும் குடித்தனங்கள். வீட்டுக்காரர் பரம கோழை. வாடகை கேட்கப் போனால் குழாய் ஒழுகுகிறது, கூரை ஒழுகுகிறது என்று எல்லோரும் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சொந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்து ஒளிந்து திரிகிறார்.

வீட்டுக்காரராகப் பழைய நகைச்சுவை நடிகர் துறையூர் மாசிலாமணி நடிக்கிறார். அது தயாரிப்பாளரின் யோசனை. "நாங்க சின்னப்பசங்களா இருக்கறப்ப அந்தாளு ஒத்தப் புருவத்தத் தூக்குனாப் போதுமுங்க மேடம், சினிமாக் கொட்டாயே ஆடும்" என்றார். எனக்குத் தயக்கம். மாசிலாமணி அண்ணனை எனக்குப் பிடிக்கும். அந்தப் புருவம்தான் வேண்டாம். பல வருடமாக அவருக்குப் படம் இல்லை, சொன்னால் கேட்டுக்கொள்வார்.

தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றித் தின்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

லூர்துவும் நானும் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். லூர்துதான் கேமராமேன். இருவரும் ஒரே டைரக்டரிடம் திட்டு வாங்கியவர்கள் என்பதால் அதிகம் பேசிப் புரியவைக்கத் தேவையில்லை.

நம் ஊர் நகைச்சுவைப் படங்களில் கேமராவுக்கு வேலையே கிடையாது. பேசுகிறவன் முகம், கேட்கிறவன் முகம், மறுபடி பேசுகிறவன் முகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அதே சிரிப்பு வரும் என்றால் அது எதற்குச் சினிமா? கல்யாணப் பந்தியில் ஒருவர் முன்னால் சாம்பார் வாளி வருகிறது. வாளியையும் அவர் முகத்தையும் மட்டும் காட்டினால் அது சாப்பாடு. அவருக்கு நேர் பின்னால், அவர் யாருக்குப் பயந்து மூலையில் உட்கார்ந்தாரோ அந்தச் சம்பந்தி கைகழுவ எழுந்திருப்பதும் கேமராவின் அதே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். அப்போதுதான் சிரிப்பு. அதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டாம், பார்க்கிறவனே கண்டுபிடிப்பான். தானே கண்டுபிடித்த சிரிப்பு இன்னும் கொஞ்சம் பலமாக வரும்.

அதனால் கேமரா தள்ளி நிற்கும், நகராது. வீடு முழுக்க மங்கிய பச்சை அடிக்கப் போகிறோம். வீட்டுக்காரரின் சட்டையும் அதே பச்சை. ஆள் வந்தால் சுவரோடு சுவராக நின்றுவிடுவார்.

"ஒரு குளோஸப்கூடக் கெடையாதா வசு?"

"ஒண்ணுகூடக் கெடையாது."

லூர்து வெகுநேரம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தைரியந்தான்" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் நாள். மாசிலாமணி அண்ணன் தன் மகள் சுகந்தியோடு வந்தார். மெலிந்திருக்கிறார். உடை மாற்றும் அறையில் சுகந்திதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். மகளுக்கு அப்பா மேல் அவ்வளவு பிரியம்.

முதல் ஷாட்: வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் நிற்க, குடித்தனக்காரர் அவரைத் தேடிக்கொண்டு தூணிலேயே சாய்ந்து நிற்பது. நான் பயந்தது நடக்கவில்லை. புருவம் இல்லை, முழிப்பு இல்லை, முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனிதர் என் மனதில் இருப்பதை அப்படியே செய்கிறார்!

டேக் முடிந்ததும் மானிட்டருக்கு வந்து பார்த்தார்.

"ரொம்பப் பொடிசா இருக்கேனே டைரக்டரம்மா."

"வீடும் சேர்ந்து நடிக்கணும்ணே."

"அதுஞ் சரிதான். ஜனம் புருவத்தைத் தேடிப் புடிச்சிரும்."

என்ன கிண்டல்! யூனிட்டே சிரித்தது.

குரல்தான் சன்னமாக இருக்கிறது. டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12, புதன்

இன்று ஒரு நடை நடந்தார். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வீசாமலே வருகிறது, கால் தரையைத் தேய்க்கிறது. கோழைக்கு இதைவிடப் பொருத்தமான நடை உண்டா? "இதே நடைய படம் முழுக்க வச்சுக்குங்கண்ணே" என்றேன். "எந்த நடைம்மா?" என்று கேட்டார். பெரிய நடிகர்கள் இப்படித்தான், தாங்கள் செய்வது தங்களுக்கே தெரியாது.

பிப்ரவரி 17, திங்கள்

இந்தப் படத்தின் உயிர் இன்று கிடைத்துவிட்டது.

கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகும் வாசல். வீட்டுக்காரர் அதைத் தாண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வேகமாக வந்தவர் நிலைப்படியில் நின்றுவிட்டார். கால் இரண்டும் தரையில் ஒட்டியது போல. ஒரு பாதம் முன்னே போகப் பார்க்கிறது, போகவில்லை. பின்னால் மாடிப்படியில் ஒருத்தி இறங்குகிறாள், முற்றத்தில் ஒருவன் பல் விளக்குகிறான், யார் திரும்பினாலும் அகப்பட்டார். அவர் மட்டும் வாசலின் சட்டத்துக்குள் ஒரு படம் மாட்டியது போல நிற்கிறார். நான் கட் சொல்லவில்லை. லைட்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் யாரோ தள்ளிவிட்ட மாதிரி தாண்டிப் போனார்.

கைதட்டினோம். அவரும் வந்து, "நல்லா வந்துச்சா?" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னொரு டேக் போலாமாண்ணே, இதே மாதிரி?"

"போலாமே."

இரண்டாவது டேக்கில் சாதாரணமாக ஓடிவிட்டார். முதல் டேக்கையே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பிடும்போது லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த வாசப்படி ஷாட்டு. அது நடிப்பில்ல வசு."

"பின்னே?"

"லென்ஸ் வழியா நான் பாத்தேன். அந்த மனுசன் பயந்துட்டாரு."

கோழை பயப்படாமல் என்ன செய்வான் என்றேன். அவர் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வெயிலில் வேலை, எல்லோருக்கும் அலுப்பு.

பிப்ரவரி 21, வெள்ளி

சுகந்தி தனியாகப் பேச வேண்டும் என்றாள். கேரவனுக்குப் பின்னால் நின்று பேசினோம்.

"மேடம், அப்பாவுக்குப் பார்க்கின்சன். கை நடுங்கலியேன்னு நாங்களே மொதல்ல நம்பல. கை இறுகிக்கும், வாசப்படி வந்தா காலு அப்படியே ஒட்டிக்கும், அதுக்கு மாத்திர சாப்பிடறது அவருக்குத் தெரியும். மொகத்துலயும் அது இருக்குன்றது மட்டும் தெரியாது."

"முகத்துலன்னா?"

"மொகம் அசையறதில்ல மேடம். அவரு புருவத்தத் தூக்கறதா, சிரிக்கறதாத்தான் நெனச்சுட்டிருக்காரு. அப்பா நாடகத்துலேருந்து வந்தவரு. கண்ணாடி பாத்து நடிக்கறவன் நடிகனேயில்லன்னு சொல்லுவாரு. உள்ளயிருந்து செய்வாரு. இப்பவும் உள்ள செஞ்சுட்டுத்தான் இருக்காரு. வெளிய வர்றதில்ல."

 பிறகு ஏன் நடிக்கக் கூட்டி வந்தாய் என்று கேட்டேன்.

"சும்மா வீட்ல உக்காந்தா படுத்துருவாரு. நீங்க குளோஸப்பே எடுக்கறதில்லன்னு கேமராமேன் சார் சொன்னாரு. அதக் கேட்டப்புறந்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வந்துச்சு. பொடிசாத் தெரிஞ்சா அவருக்குப் புரியாது. எடுக்க மாட்டீங்கல்ல மேடம்?"

எடுக்க மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அது பொய்யில்லை. என் படத்தில் குளோஸப்புக்கு இடமே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

திரைக்கதையில் இன்னும் சில இடங்களில் வாசற்படி சேர்த்தேன். கதைக்குத் தேவைப்படுகிறது. லூர்து என்னைப் பார்க்காமல் லென்ஸ் மாற்றினார்.

பிப்ரவரி 28, வெள்ளி

பல் வலி. கிராம்பு.

மார்ச் 8, சனி

படப்பிடிப்பு முடிந்தது. கடைசி ஷாட்டில் எல்லோரும் வீட்டைக் காலி செய்து போய்விட, வீட்டுக்காரர் முற்றத்தில் தனியாக நிற்கிறார். இனி ஒளிய வேண்டியதில்லை. மொட்டைமாடியிலிருந்து எடுத்தோம். பெரிய பச்சை வீடு, நடுவில் ஒரு பச்சைச் சட்டை.

மாசிலாமணி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியில ஒரு சின்ன சிரிப்பு வச்சேன். பெரிசா இல்ல, உதட்டோரமா. பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்ணே. அற்புதம்."

"அந்த ஒரு சிரிப்புக்குத்தாம்மா இத்தன நாளா நடிச்சேன்."

பூசணிக்காய் உடைத்தோம். சுகந்தி எனக்கு வீட்டில் செய்த அதிரசம் கொடுத்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

நாச்சிமுத்து சார் படம் பார்த்தார். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சிரிக்கவில்லை. வெளிச்சம் போட்டதும் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வீடு நல்லாருக்குதுங்க மேடம். வீட்டத்தான் படம் புடிச்சிருக்கீங்க. ஆள எங்க?"

நான் பந்தி, சாம்பார் வாளி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், கெட்ட மனிதரில்லை.

"நீங்க சொல்றது படிச்சவீங்களுக்குப் புரியுமுங்க. ஒட்டன்சத்திரத்துல டிக்கெட் வாங்கறவன் மாசிலாமணி மூஞ்சியப் பாக்க வர்றான். ஆறடிக்கு அந்த மூஞ்சி தெரியோணும். பெரிசு பண்ண முடியுமாமே, எடிட்டர் சொன்னாரு."

முடியும். இப்போதைய கேமராவில் எடுத்த படத்தில் எந்த மூலையை வேண்டுமானாலும் வெட்டிப் பெரிதாக்கலாம். தனியாகக் குளோஸப் எடுக்க வேண்டியதே இல்லை.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, முகம் வேண்டாம் என்று சொன்னேன். என்ன வியாதி என்பதையும் சொன்னேன்.  "பாவமுங்க" என்றார். பிறகு, "நானும் போட்டத எடுக்கோணுமல்லங்க" என்றார்.

நான் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்து வெட்டிக்கொள்வாராம். என் பெயர் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

ஏப்ரல் 26, சனி

லூர்துவுக்குப் போன் செய்தேன். "வெளிய வந்துரு வசு" என்றார். வெளியே வந்தால் மட்டும் வெட்டாமலா விடப் போகிறார்கள்? முன்பின் தெரியாத ஒருவன் கண்டபடி வெட்டுவான். நான் உட்கார்ந்தால் குறைவாக, பார்த்துப் பார்த்துச் செய்யலாம். இதைச் சொன்னேன்.

"சரி. எம் பேர எடுத்துரச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எடிட்டிங் அறை. குளிரூட்டி பல்லைக் கிட்ட வைக்கிறது.

முதலில் தூண் ஷாட்டைப் பெரிதாக்கினோம். பிறகு வாசற்படி. எடிட்டர் கட்டத்தை இழுத்து இழுத்து, வீடு போய், மாடிப்படி போய், பல் விளக்குகிறவன் போய், நிலைச்சட்டமும் போய், முகம் மட்டும் நின்றது. அதை நான் இதுவரை பார்க்கவில்லை. படப்பிடிப்பில் மானிட்டரில் அவர் விரல் உயரம்தான்.

முகம் அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது. கீழே தன் காலைப் பார்த்தது, பிறகு நேராக எங்களைப் பார்த்தது, கேமராவுக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுவது போல. பின்னணியில் யூனிட் சிரிக்கும் சத்தம் பதிவாகியிருந்தது. என் சிரிப்பும் அதில் இருந்தது.

"செமயா இருக்கு மேடம்" என்றார் எடிட்டர். "இங்க ஒரு 'டொய்ங்' போட்டா தூக்கிரும்."

கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது, ஃபோகஸும் மங்கலாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

மே 14, புதன்

டப்பிங். பெரிதாக்கிய ஷாட்டுகளை மாசிலாமணி அண்ணன் பார்க்காமல் பேச வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். உதடு பார்க்காமல் எப்படிப் பேச முடியும்?

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைக் முன்னால் நின்றார். சுகந்தி பின்னால் நாற்காலியில். திரையில் அந்த முகம் வந்தது. அவர் பேசவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் பேசவில்லை.

"என்னாச்சுண்ணே?" என்று மைக்கில் கேட்டேன்.

"வேற டேக்கப் போட்டிருக்கீங்கம்மா. இந்த எடத்துல நான் புருவத்தத் தூக்குனேன்."

"இதுதான்ணே அந்த டேக்."

"இல்லம்மா. ரெண்டு தடவ தூக்குனேன். நல்லா ஞாபகம் இருக்கு."

சுகந்தி எழுந்து நின்றாள். எனக்கு எதிரில் நூறு பொத்தான், எதைத் தொடுவது என்று தெரியவில்லை. கூட வந்திருந்த எடிட்டர் தவறி அடுத்ததை ஓடவிட்டுவிட்டார். முற்றம், கடைசி ஷாட், மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. அதையும் முடிந்த மட்டும் இழுத்துப் பெரிதாக்கியிருந்தோம்.

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போனார். கிட்டத்தில் போய் அண்ணாந்து தன் உதட்டைப் பார்த்தார். ஓடி முடிந்தது. "திரும்பப் போடுங்க" என்றார். போட்டோம். "திரும்ப." போட்டோம்.

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா தாயி?"

அவள் அழுதாள். அவர் அவளிடம் போகவில்லை. மைக்குக்குத் திரும்பி வந்து, "எங்கேருந்து பேசணும்?" என்று கேட்டார்.

எல்லா வசனத்தையும் பேசினார். குரல் எடுபடவில்லை.

போகும்போது சுகந்தி என்னிடம், "நீங்க கையப் புடிச்சு சொன்னீங்களே மேடம்" என்றாள்.  நான் வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

மே 19, திங்கள்

மாசிலாமணி அண்ணனின் பழைய குரலில் பேசும் மிமிக்ரிக்காரர் ஒருவர் கிடைத்தார். அச்சு அசல்.

ஜூலை 18, வெள்ளி

ரிலீஸ். விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். காலைக் காட்சிக்குத் தியேட்டரின் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன்.

சுவரும் சட்டையும் ஒரே பச்சை என்று நான் இழைத்து இழைத்துச் செய்த இடங்களில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போனார். வாசற்படி வந்தது. 'டொய்ங்.' ஆறடி முகம். தியேட்டர் ஆடியது. நாச்சிமுத்து சார் சின்ன வயதில் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்கூட, எல்லோரும் சிரிக்கும்போது, ஒரு கணம் வாயைத் திறந்துவிட்டேன்.

முற்றத்தில் தனியாக நின்றபோதும் சிரித்தார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

எல்லோருடைய போனிலும் அந்த முகம்தான், மீம் மீமாக. சம்பளம் வராதவன், பெண் பார்க்கப் போய் வந்தவன், கரண்ட் பில் பார்த்தவன், எல்லாவற்றுக்கும் கீழே அண்ணனின் முகம். கல்லுமூஞ்சி மாசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகையில், முகபாவமே இல்லாமல் சிரிக்க வைக்கும் புதிய பாணியைக் கண்டுபிடித்த இயக்குநர் என்று என்னை எழுதியிருக்கிறார்கள்.

அதே அலுவலகத்தில் அடுத்த படம் செய்யக் கேட்டார்கள். யோசிக்கிறேன் என்றேன்.

ஜூலை 30, புதன்

யோசித்துவிட்டேன். சரி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விருகம்பாக்கத்தில் மாசிலாமணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரிக்குப் போவது போல. சுகந்தி கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி அணைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் குரல் உயர்ந்த மாதிரி இருந்தது. முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"ரெண்டு கம்பெனிலேருந்து கேட்டிருக்காங்க டைரக்டரம்மா. மூஞ்சிய இப்படியே வச்சுக்கிட்டாப் போதுமாம். வேறெதுவும் செய்ய வேணாமாம்."

"போகப் போறீங்களாண்ணே?"

"நான் என்னத்தப் போறது. செய்யாம இருக்கறதுக்கா நடிக்க வந்தேன்?"

என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். இழுத்தேன். முழங்காலோடு முழங்கால் இடிக்கும் தூரம்.

"சுகந்தி பொய் சொல்லுவா. நீங்க டைரக்டரு, மறைக்காமச் சொல்லணும். நான் ஒண்ணு செய்யறேன். என்னன்னு சொல்லுங்க."

வேண்டாம்ணே என்றேன். செய்ய ஆரம்பித்துவிட்டார். அந்த முகத்தையே பார்த்தேன். அவர் எதை முதலில் செய்வார் என்று யோசித்து, "சிரிப்பு" என்றேன்.

"அதான்! அதேதான்!" கையைத் தொடையில் தட்டினார். "கொஞ்சங் கொஞ்சம் வருது பாத்தீங்களா. டாக்டருக்கு என்ன தெரியும். இப்ப இது?"

பார்த்தேன். "கோபமா?"

 பிறகு மெதுவாக, "பயம்மா" என்றார். "இது?"

"வெக்கம்."

"அழுதேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. சுகந்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அண்ணன் மறுபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இமைக்காமல், நெடுநேரம். இந்த முறை தவறக் கூடாது என்று நெற்றி, கண், கன்னம், உதட்டோரம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன். ஏதோ ஒன்று இருப்பது போலத்தான் பட்டது.

"ஆச்சரியமாண்ணே?" என்றேன்.

"இல்லம்மா. இப்ப ஒண்ணும் செய்யல. சும்மா உங்களத்தான் பாத்துட்டிருக்கேன்."